சாபம் கொடுத்தது யார்? பல்லிலும் எலும்பிலும் ஒளிந்திருந்த மர்ம நோயைத் துப்பறிந்தவர்கள்

மாயாஜாலக் கதை படித்து வளர்ந்தவர்களுக்கு இப்படி ஓர் ஊர் புதிதாக இருக்காது. அங்கே பிறக்கிற பிள்ளைகளுக்கெல்லாம் பல்லில் கறை. நாற்பது வயதைத் தாண்டியவர்கள் குனியவும் முடியாமல், நிமிரவும் முடியாமல் மரக்கட்டை போல நடக்கிறார்கள். உழவு மாடுகூட எழுந்து நிற்கத் தடுமாறுகிறது. ஆனால் பக்கத்து ஊரில் யாருக்கும் ஒன்றும் இல்லை. வெளியூரிலிருந்து வாக்கப்பட்டு வந்த மருமகளின் பல் பளிச்சென்று இருக்கிறது. அவள் பெற்ற பிள்ளைக்கு மட்டும் பல் பழுப்பு. மந்திரவாதி கொடுத்த சாபம் என்று ஊரே பேசுகிறது. அப்போது சுவடிக்கட்டோடு ஒரு பண்டிதர் ஊருக்குள் நுழைகிறார்.

இந்தக் கதையில் மந்திரவாதி மட்டும்தான் கற்பனை. மற்றதெல்லாம் உண்மையில் நடந்தது. சேலம், நாமக்கல் சமவெளியின் சில பகுதிகளில் இன்னமும் நடந்துகொண்டிருக்கிறது. அந்த நோயின் பெயர் ஃபுளோரோசிஸ். ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றாது, காய்ச்சல் வராது. ஆனாலும் ஊரையே பிடிக்கும். காரணம், ஊரே ஒரே தண்ணீரைக் குடிக்கிறது.

இந்த உண்மையைக் கண்டுபிடிக்க உலகத்துக்கு முப்பது வருடம் பிடித்தது.

பல் டாக்டர் கேட்ட கேள்வி

1901-ம் வருடம். பல் மருத்துவம் படித்து முடித்த கையோடு ஃபிரெடரிக் மெக்கே என்ற இளைஞர் அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகரத்தில் கிளினிக் திறந்தார். வருகிற உள்ளூர்க்காரர்களில் பலருக்குப் பல்லில் காப்பிப்பொடி பூசியது போலப் பழுப்புக் கறை. தேய்த்தாலும் போகவில்லை. மருத்துவப் புத்தகங்களில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை. ஊர்க்காரர்களிடம் கேட்டால் பன்றி இறைச்சி அதிகம் சாப்பிடுவதால் வருகிறது, பால் சரியில்லாததால் வருகிறது என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள்.

மெக்கே விடவில்லை. அன்றைக்குப் பல் மருத்துவத்தில் பெரிய பெயரெடுத்த ஜி.வி.பிளாக் 1909-ல் அவரோடு சேர்ந்துகொண்டார். இருவரும் சேர்ந்து கவனித்ததில் இரண்டு விஷயங்கள் தெரியவந்தன. வளர்ந்த பிறகு அந்த ஊரில் குடியேறியவர்களுக்குக் கறை வருவதில்லை. பல் முளைக்கும் வயதில் அங்கே இருந்த குழந்தைகளுக்குத்தான் வருகிறது. இரண்டாவது விஷயம் இன்னும் விசித்திரம். கறை படிந்த பற்களில் சொத்தை குறைவாக இருந்தது.

1923-ல் ஐடஹோ மாநிலத்தின் ஓக்லி என்ற சிற்றூரிலிருந்து பெற்றோர் அவரை அழைத்தார்கள். சில மைல் தொலைவிலுள்ள வெந்நீர் ஊற்றிலிருந்து குழாய் போட்டு ஊருக்குத் தண்ணீர் கொண்டுவந்த பிறகுதான் பிள்ளைகளின் பல்லில் கறை வந்தது என்றார்கள். ‘அந்தக் குழாயைக் கைவிட்டு வேறு ஊற்றுக்கு மாறுங்கள்’ என்றார் மெக்கே. மாறினார்கள். அதற்குப் பிறகு முளைத்த பற்கள் வெள்ளையாக வந்தன.

தண்ணீரில்தான் ஏதோ இருக்கிறது என்பது உறுதியானது. அது என்ன என்றுதான் பிடிபடவில்லை. அன்றைய சாதாரணப் பரிசோதனைகளில் தண்ணீர் சுத்தமாகவே தெரிந்தது.

முடிச்சு அவிழ்ந்தது ஆர்கன்சா மாநிலத்தின் பாக்சைட் என்ற ஊரில். அலுமினியத் தாது வெட்டும் கம்பெனி ஊர் அது. 1909 வரை ஆழமில்லாத கிணற்றுத் தண்ணீர் குடித்தவர்களுக்குப் பல் நன்றாக இருந்தது. அந்த வருடம் ஆழ்துளைக் கிணற்றுக்கு மாறிய பிறகு வளர்ந்த பிள்ளைகளுக்குக் கறை. அலுமினியப் பாத்திரத்தில் சமைத்தால் விஷம் என்ற பேச்சு அப்போது பரவிக்கொண்டிருந்ததால், பழி கம்பெனி மேல் விழுமோ என்று அதன் தலைமை வேதியியலாளர் சர்ச்சில் பயந்தார். 1931-ல் அந்தத் தண்ணீரை நிறமாலைக் கருவியில் வைத்துப் பார்த்தார். யாருமே எதிர்பார்க்காத ஒன்று தெரிந்தது: ஃபுளோரைடு.

நெல்லூர் காளைகளும் கிண்டி ஆய்வுக்கூடமும்

அமெரிக்காவில் விஷயம் பல்லோடு நின்றது. அது எலும்பு வரை போகும் என்பதைத் தெளிவாகக் காட்டியவர்களில் நம் சென்னை மாகாணத்து ஆய்வாளர்களும் உண்டு.

1930-களில் அன்றைய நெல்லூர் மாவட்டத்து விவசாயிகள் முதலில் கவலைப்பட்டது தங்கள் காளைகளைப் பற்றி. மூட்டு இறுகி, நடக்க முடியாமல், ஏரில் பூட்ட முடியாமல் போயின. அதே வேதனை மனிதர்களிடமும் இருப்பது பிறகு தெரிந்தது. முதுகெலும்பு ஒரே கழி போல இறுகிவிடும். யாராவது பின்னாலிருந்து கூப்பிட்டால் கழுத்தை மட்டும் திருப்ப முடியாது, முழு உடம்போடுதான் திரும்ப வேண்டும். முற்றிப்போனவர்கள் படுத்த படுக்கைதான்.

சென்னை கிண்டியிலுள்ள கிங் இன்ஸ்டிடியூட் இதைக் கையில் எடுத்தது. ஹெச்.இ.ஷார்ட், சி.ஜி.பண்டிட், டி.என்.எஸ்.ராகவாச்சாரி ஆகியோர் 1937-ல் நெல்லூர் மாவட்ட நோய் பற்றிய ஆய்வை வெளியிட்டார்கள். அதே வருடம் வந்த இன்னோர் ஆய்வில் ஷார்ட்டோடு மருத்துவர் மெக்ராபர்ட்டும், சென்னையில் எக்ஸ்ரே மருத்துவத்துக்கு அடித்தளம் போட்ட பர்னார்டும் சேர்ந்திருந்தார்கள். கிணற்றுத் தண்ணீரில் அளவுக்கு மீறிய ஃபுளோரைடு, நோயாளிகளின் எலும்பில் அளவுக்கு மீறிய அடர்த்தி என்று இரண்டையும் ஆய்வு முடிச்சுப் போட்டது.

இவர்கள் சாமானியர்கள் இல்லை. மலேரியா கிருமி ரத்தத்துக்குள் வருவதற்கு முன் கல்லீரலில் ஒளிந்து வளர்கிறது என்பதை 1948-ல் கார்ன்ஹாமுடன் சேர்ந்து நிரூபித்தவர் இதே ஷார்ட். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் முதல் இயக்குநராக உயர்ந்தவர் இதே பண்டிட்.

ஆராய்ச்சி அதோடு முடியவில்லை. ஊட்டச்சத்து குறைந்த இடங்களில் எலும்புப் பாதிப்பு கடுமையாக இருப்பதை பண்டிட் குழு 1940-ல் சுட்டிக்காட்டியது. தண்ணீர் ஒன்றாக இருந்தாலும், அதை அதிகம் வாட்டும் இடம் ஏழையின் வீடு.

உடம்புக்குள் என்ன நடக்கிறது?

நம் எலும்பும் பல்லும் கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்து கட்டிய படிகங்கள். ஃபுளோரைடு கொஞ்சமாக உள்ளே போனால் பல்லின் எனாமல் உறுதியாகும். கறைப்பல்லில் சொத்தை குறைவு என்று மெக்கே பார்த்ததன் ரகசியம் இதுதான். டூத்பேஸ்ட்டில் ஃபுளோரைடு சேர்ப்பதும் இதற்காகத்தான்.

அளவு மீறினால் அதுவே எதிரி. எனாமல் உருவாகிக்கொண்டிருக்கும் சுமார் 8 வயது வரையிலான காலத்தில் அது படிகத்தைக் கெடுக்கிறது. முதலில் சுண்ணாம்பு வெள்ளைத் திட்டு, பிறகு மஞ்சள், பழுப்பு, சிலருக்குப் பல்லில் குழி. பல் தேய்க்காததால் வந்த அழுக்கு இல்லை இது. பல்லுக்குள்ளேயே இருக்கும் கறை. ‘ஒழுங்கா பல்லைத் தேய்’ என்று பள்ளியிலும் வீட்டிலும் வசவு வாங்கும் பிள்ளை எந்தத் தப்பும் செய்யவில்லை. சிரிக்கும்போது கையால் வாயை மூடிக்கொள்ளும் பழக்கமும், கல்யாணப் பேச்சில் வரும் சங்கடமும் இங்கேதான் தொடங்குகின்றன.

பல வருடம் தொடர்ந்து உள்ளே போனால் எலும்பு கெட்டியாகிறது. எலும்பை இணைக்கும் தசைநார்களிலும் கால்சியம் படிந்து அவை இறுகுகின்றன. முதுகுத்தண்டுக்குள் இடம் குறுகினால் நரம்பு நசுங்கி, கால் மரத்துப்போகும்.

குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம். வேறு நீராதாரமே இல்லையென்றால் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் எல்லையும் 1.5 தான். 3 முதல் 6 மில்லிகிராம் வரை உள்ள தண்ணீரைப் பல காலம் குடித்தால் எலும்பில் பாதிப்பு தெரியலாம். 10-ஐத் தாண்டினால் ஆளை முடக்கலாம். வெயிலில் காடு கழனியில் வேலை செய்கிறவர் ஒரு நாளைக்குக் குடிக்கும் தண்ணீர் அதிகம். அதனால் அவர் உடம்புக்குள் போகும் ஃபுளோரைடும் அதிகம்.

சேலத்து மண்ணுக்குக் கீழே

சேர்வராயன், கல்வராயன், கொல்லிமலை என்று மலைகள் சூழ்ந்த சமவெளி இது. மேலே செம்மண்ணும் கரிசலும்; தோண்டினால் சீக்கிரமே கடும்பாறை. கருங்கல்லும் அதன் உறவுப் பாறைகளும் நிறைந்த இந்த மண்ணில், ஃபுளோரைடு கலந்த தாதுக்கள் இயற்கையாகவே இருக்கின்றன. பாறை இடுக்கில் தண்ணீர் எவ்வளவு காலம் தங்குகிறதோ, அவ்வளவுக்கு அது கரைந்து சேர்கிறது. தொழிற்சாலைக் கழிவு எதுவும் தேவையில்லை.

குறிப்பிட்ட அளவுக்கு மேல் ஃபுளோரைடு காணப்படும் மாவட்டங்களாக மத்திய நிலத்தடி நீர் வாரியம் சொல்லும் பட்டியலில் சேலம், நாமக்கல் இரண்டும் உண்டு. தருமபுரி, கிருஷ்ணகிரியும் உண்டு. இந்த நான்கும் ஒரு காலத்தில் ஒரே சேலம் மாவட்டம்தான். தருமபுரி 1965-லும், நாமக்கல் 1997-லும் பிரிந்தன. கிருஷ்ணகிரி 2004-ல் தருமபுரியிலிருந்து பிரிந்தது. நிர்வாகத்துக்குக் கோடு போட்டுப் பிரித்துவிடலாம். கீழே இருக்கும் பாறைக்கு அந்தக் கோடு தெரியாது.

அதற்காக நான்கு மாவட்டத்துத் தண்ணீரும் கெட்டது என்று பயப்பட வேண்டாம். ஒரே ஊரில் ஒரு கிணறு நன்றாக இருக்கும், நூறு அடி தள்ளி ஒரு போர் எல்லையைத் தாண்டியிருக்கும். கதையில் பக்கத்து ஊர் தப்பித்ததன் மர்மம் இதுதான்.

முன்பெல்லாம் ஏற்றமும் கவலையும் பூட்டி இறைத்த திறந்த கிணறுகள். மழை பெய்தால் நிரம்பும், கோடையில் வற்றும். கிணறுகள் வற்றிய பிறகு ரிக் வண்டிகள் வந்தன. நாமக்கல் மாவட்டத்துத் திருச்செங்கோடு இந்தியா முழுக்கப் போர் போடும் ரிக் லாரிகளுக்குப் பேர்போன ஊர். சில நூறு அடியில் தொடங்கிய போர் ஆயிரம் அடியைத் தாண்டியும் போகிறது. வறண்ட வயலுக்கு உயிர் கொடுத்த தொழில் அது, குறை சொல்ல முடியாது. ஆனால் ஆழத்தில், பாறைக்குள் நெடுங்காலம் கிடந்த தண்ணீர் பாறையின் குணத்தையும் மேலே கொண்டுவரலாம். பாக்சைட் ஊரில் 1909-க்குப் பிறகு நடந்தது அதுதானே!

இதில் நம்மை ஏமாற்றுவது நம் நாக்கு. ‘நல்ல தண்ணி’, ‘உப்புத் தண்ணி’ என்று நாம் பிரிப்பது ருசியை வைத்து. பருப்பு வேகுகிறதா, சோப்பு நுரைக்கிறதா என்று பார்க்கிறோம். ஃபுளோரைடுக்கு ருசியும் இல்லை, மணமும் இல்லை, நிறமும் இல்லை. இன்னொரு வேடிக்கை: தண்ணீரில் கால்சியம் அதிகமிருந்தால் அது ஃபுளோரைடைப் பிடித்து வீழ்படிவாக்கிவிடும். கால்சியம் குறைந்த, சோடா உப்புத் தன்மையுள்ள மென்மையான நீரில்தான் ஃபுளோரைடு அதிகம் கரைந்திருக்க முடியும். பருப்பை நன்றாக வேகவைக்கும் தண்ணீர் ஃபுளோரைடு உள்ள தண்ணீராகவும் இருக்கலாம். எப்போதும் அப்படித்தான் என்று இல்லை. ஆனால் நாக்கை நம்பி முடிவு செய்யக் கூடாது என்பதற்கு இது போதும்.

வேறு முகத்தோடு வந்த நோய்

1970-களில் ஆந்திரத்தின் நாகார்ஜுனசாகர் அணையை ஒட்டிய பகுதிகளில், இளம் வயதினருக்குக் கால் முட்டிகள் இரண்டும் உள்பக்கமாக வளைந்து ஒன்றோடொன்று உரசும் பாதிப்பு தெரிந்தது. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் கிருஷ்ணமாச்சாரியும் கமலா கிருஷ்ணசாமியும் 1973-ல் இதைப் பதிவு செய்தார்கள். நெல்லூரில் எலும்பு கெட்டியானது. இங்கே ஃபுளோரைடோடு எலும்புத் தேய்மானமும் சேர்ந்துகொண்டது. அணை வந்ததால் நிலத்தடி நீர்மட்டம் உயர்ந்து மண்ணின் நுண்சத்துக்கள் மாறியதும், மக்கள் சோளத்தையே முக்கிய உணவாகக் கொண்டிருந்ததும் காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். தண்ணீரை மட்டும் பார்த்தால் போதாது, தட்டையும் பார்க்க வேண்டும் என்பது அதில் கிடைத்த பாடம்.

அதே காலத்தில் நாக்பூரின் தேசிய சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம் படிகாரமும் சுண்ணாம்பும் சேர்த்து ஃபுளோரைடைப் படியவைக்கும் முறையை உருவாக்கியது. அதற்கு ‘நல்கொண்டா முறை’ என்றே பெயர். டெல்லி எய்ம்ஸில் பணியாற்றிய ஏ.கே.சுசீலா, நோய் முற்றும் முன்பே நல்ல தண்ணீருக்கும் சத்துணவுக்கும் மாறினால் வலியும் வயிற்றுக் கோளாறும் குறையும் என்பதை வலியுறுத்தி வந்தார்.

காவிரி கொண்டுவரும் விடை

முற்றிய ஃபுளோரோசிஸுக்கு இன்றுவரை மருந்து கிடையாது. கறைப்பல்லுக்கு மேலே பூச்சுப் பூசலாம், வலிக்கு மாத்திரை தரலாம். இறுகிய முதுகெலும்பைப் பழையபடி ஆக்க முடியாது. வராமல் தடுப்பது ஒன்றே வழி. ஓடும் ஆற்று நீரில் ஃபுளோரைடு பெரும்பாலும் குறைவு என்பதால், விடை காவிரியில் இருந்தது.

ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் ஃபுளோரோசிஸ் பாதிப்புக் குறைப்புத் திட்டத்துக்கு 2008 பிப்ரவரியில் முதல்வர் கருணாநிதி அடிக்கல் நாட்டினார். 2013 மே மாதம் முதல்வர் ஜெயலலிதா தொடங்கிவைத்தார். ஜப்பான் கடனுதவியோடு சுமார் 1,900 கோடி ரூபாயில் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் சுமார் 30 லட்சம் பேருக்கான திட்டம். ஒரு நோயின் பெயரையே தன் பெயரில் சுமக்கும் குடிநீர்த் திட்டம் இது.

சேலம், நாமக்கல் ஊர்களுக்கும் காவிரிக் கூட்டுக் குடிநீர்த் திட்டங்கள் உண்டு. சிக்கல் எங்கே என்றால், குழாயில் வரும் காவிரித் தண்ணீர் ஒரு நாள் வரும், சில நாள் வராது. மோட்டார் பழுது, குழாய் உடைப்பு என்றால் வீட்டுப் போர்த் தண்ணீரே குடத்துக்கு வந்துவிடும். சில ஊர்களில் காவிரியும் போர்த் தண்ணீரும் ஒரே மேல்நிலைத் தொட்டியில் கலக்கின்றன. பல் முளைக்கும் வயதில் ஒரு குழந்தை எந்தத் தண்ணீரைக் குடித்தது என்பதை அதன் பல் ஆயுளுக்கும் சொல்லிக்கொண்டிருக்கும்.

வீட்டில் என்ன செய்யலாம்?

பரிசோதனை: குடிக்கவும் சமைக்கவும் போர்த் தண்ணீர்தான் என்றால் ஒரு முறையாவது சோதித்துப் பாருங்கள். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வுக்கூடங்களில் சோதிக்கலாம். ‘ஃபுளோரைடு பார்க்க வேண்டும்’ என்று குறிப்பிட்டுக் கேளுங்கள். போரை இன்னும் ஆழப்படுத்தினால் மறுபடி சோதியுங்கள்.

கொதிக்க வைத்தால் போகாது: கொதிக்க வைப்பது கிருமியைக் கொல்லும், ஃபுளோரைடை ஒன்றும் செய்யாது. நீர் ஆவியாகிச் சுண்டினால் அதன் அடர்த்தி கூடவே செய்யும். குளோரின், செப்புக் குடம், மண்பானை, புற ஊதா ஃபில்டர் எதையும் இதற்கு நம்ப வேண்டாம். ஆர்.ஓ. கருவி குறைக்கும். ஆக்டிவேட்டட் அலுமினா ஃபில்டரும் குறைக்கும். எதுவானாலும் காலாகாலத்தில் சர்வீஸ் செய்ய வேண்டும்.

மழைநீர்: மழைநீரில் ஃபுளோரைடு அநேகமாக இல்லை. 2003-ல் தமிழ்நாட்டில் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர் சேகரிப்பு, இந்தச் சமவெளிக்கு மருந்து போன்றது. சுத்தமாகச் சேமித்த மழைநீரைக் குடிக்கவும் சமைக்கவும் வைத்துக்கொண்டு, போர்த் தண்ணீரைக் குளிக்கவும் துவைக்கவும் பயன்படுத்தலாம்.

சாப்பாடு: கேழ்வரகு, பால், மோர், முருங்கைக்கீரை கால்சியம் தரும். நெல்லிக்காய், கொய்யா, எலுமிச்சையில் வைட்டமின் சி உண்டு. தேயிலையிலும் ஃபுளோரைடு இருப்பதால் நாளெல்லாம் கடுந்தேநீர் குடிப்பதைக் குறைக்கலாம்.

குழந்தைகள்: பேஸ்ட்டை விழுங்க விடாதீர்கள். மூன்று வயதுக்குள் அரிசி அளவும், ஆறு வயது வரை பட்டாணி அளவும் போதும். உங்கள் பகுதித் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம் என்றால் எந்த பேஸ்ட் என்று பல் மருத்துவரிடம் கேளுங்கள்.

பெரியவர்கள்: முட்டியை மடக்காமல் குனிந்து கால் விரலைத் தொட முடிகிறதா? முகவாயை நெஞ்சில் படவைக்க முடிகிறதா? கையை மடக்கிப் பின்னந்தலையைத் தொட முடிகிறதா? மூன்றில் ஒன்று முடியாவிட்டாலும் அது ஃபுளோரோசிஸ்தான் என்று அர்த்தமில்லை. வயசானால் அப்படித்தான் என்று விட்டுவிடாமல், குடிக்கும் தண்ணீர் எது என்பதையும் சேர்த்து மருத்துவரிடம் சொல்லுங்கள்.

மெக்கேவும் கிண்டி ஆய்வாளர்களும் மந்திரம் எதுவும் வைத்திருக்கவில்லை. யாருக்கு வருகிறது, யாருக்கு வரவில்லை, எந்த வயதில் எந்தத் தண்ணீர் என்று விடாமல் கேட்டார்கள். ஓக்லியின் பெற்றோரும் நெல்லூரின் விவசாயிகளும் சொன்னதைக் காதுகொடுத்துக் கேட்டார்கள். அப்போது இதற்கு விடை தேட முப்பது வருடம் ஆனது. இன்றைக்கு ஒரு பாட்டில் தண்ணீரும் ஆய்வுக்கூடம் வரை ஒரு பஸ் பயணமும் போதும். வீட்டில் பல் முளைக்கிற குழந்தை இருந்தால், அந்தப் பயணத்தை அடுத்த வாரத்துக்குத் தள்ளிப் போடாதீர்கள்.